திராஸ்: ஆடையெழுத்தும் அகழ்விடமும்

இடைக்கால இசுலாமிய அரசுகளின் வரலாற்றை ஆராய்வார்க்கு நாணயமும் கல்லெழுத்தும் போலவே ஆடையெழுத்தும் சிறந்த சான்றாகும். அரபு எழுத்துக்கள் அமைந்த அவ்வாடைகள் 'திராஸ்' எனப்பட்டன. பூத்தையலைக் குறிக்கும் பாரசீகச் சொல்லினின்று வந்த இப்பெயர், எழுத்துடைய கரையையும், அக்கரை கொண்ட ஆடையையும், அதனை ஆக்கிய தொழிற்சாலையையும் ஒருங்கே குறிப்பதாயிற்று. இவற்றுள் பெரும்பாலானவற்றை எகிப்து நாட்டின் உலர்ந்த மண்ணே காத்துத் தந்துள்ளது.

விரிவான கரைகளில் இறைவன் திருப்பெயரை அடுத்துக் கலீபாவின் பெயரும் அவர்க்குரிய வாழ்த்தும் வரும். அமைச்சர் பெயர், நெய்த ஊர், ஹிஜ்ரி ஆண்டு ஆகியனவும் சிலவற்றிற் காணப்படும். தொழிற்சாலை அரண்மனைக்கு உரியதா, பொதுவானதா என்பதும் குறிக்கப்படுவதுண்டு. வெள்ளிக்கிழமைப் பேருரையிலும் நாணயத்திலும் பெயர் பெறுதல் போல ஆடைக்கரையிற் பெயர் பெறுதலும் ஆட்சியுரிமையின் அடையாளமாகக் கருதப்பட்டது. இப்னு கல்தூன் 1377-இல் இயற்றிய 'முகத்திமா'வில் திராஸை அரசச் சின்னங்களுள் ஒன்றாக வைத்து ஆராய்கின்றார்.

ஊர்ப்பெயர் அழிந்தவிடத்து நெசவே பிறப்பிடம் கூறும். எகிப்தியர் ஆளிநார்த் துணியில் பட்டு ஊடைகொண்டு தறியிலேயே எழுத்தை நெய்தனர். ஈராக்கிலும் ஈரானிலும் ஊசித்தையலால் எழுத்தமைத்தல் பெருவழக்கு. ஏமன் நாட்டார் நெய்யுமுன் நூலை முடிந்து சாயந்தோய்த்த பருத்தித் துணியில் மையும் பொன்னும் கொண்டு எழுதினர். எகிப்திய ஆளிநூலின் முறுக்கும் கீழைநாட்டுப் பருத்திநூலின் முறுக்கும் ஒன்றற்கொன்று எதிர்த்திசையின. ஆதலின் எகிப்தில் கிடைத்ததனாலேயே ஓர் ஆடை எகிப்தியது என்று கொள்ளல் பொருந்தாது.

கல்லிற் பொறித்த எழுத்துப் பெரும்பாலும் நின்ற இடத்தே நிற்கும். துணியில் அமைந்த எழுத்தோ பரிசாகவும் விலைப்பொருளாகவும் ஊர்விட்டு ஊர் செல்லும். இறுதியில் பிணப்போர்வையாகி மண்ணுள் மறையும். எனவே எழுத்து ஆடையின் தோற்றத்தையும், அகழ்விடம் அதன் முடிவையும் உணர்த்தும். இரண்டும் கூடியவழியே ஆடையின் வரலாறு முழுமையுறும்.

இதற்கு ஃபையூம் பகுதியிலுள்ள நக்லூன் தக்க சான்று. ஆங்குள்ள கிறித்தவத் துறவிமடத்தை அடுத்த இடுகாட்டினைப் போலந்து நாட்டு ஆய்வாளர் அகழ்ந்தனர். கிறித்தவர் கல்லறைகளில் அரபு எழுத்துக்கரையுடைய ஆடைகள் உடல்மேற் போர்த்தப்பெற்றிருந்தன. இவ்வாடைகள் அகழ்விடம் அறியப்படாது கிடைத்திருப்பின், எழுத்தின் மொழி ஒன்றையே கொண்டு இவற்றை முசுலிம்கள் உடுத்தனவென்று எவரும் முடிவு செய்திருப்பர். பாத்திமியர் ஆட்சியின் (எகிப்தில் 969-1171) பிற்பகுதியில் எழுத்துக்கரை அரசர்க்கே உரியதாக நில்லாது பொதுமக்கள் விரும்பும் அணியாகப் பரவியது. கலீபாவின் பெயர் நீங்கிப் பொதுவாழ்த்தே மீண்டும் மீண்டும் அமைந்தது. பொருளற்ற எழுத்துருக்களும் இடம்பெற்றன. அவ்வணி சமய எல்லையையும் கடந்தது என்பதை நக்லூன் கல்லறைகள் மெய்ப்பிக்கின்றன.

முன்னாளில் புதைகுழிகளைத் தோண்டினாரும் விற்றாரும் எழுத்துள்ள கரையை மட்டும் வெட்டியெடுத்து எஞ்சிய துணியைக் கைவிட்டனர். அருங்காட்சியகங்களிலுள்ள துண்டுகள் பல, கலீபாவின் பெயரைக் கூறியும் தம்மைப் போர்த்தியவர் யாவர் என்பதைக் கூற இயலாது கிடக்கின்றன. எழுத்தைப் போற்றுதல் என்பது அஃது அமைந்த பொருளையும் கிடைத்த இடத்தையும் போற்றுதலேயாம்.