தேடுபொறிகளின் முகப்பும் விளம்பரக் கோடும்

சில மாதங்களுக்கு முன் தஞ்சோங் கிளிங் பக்கத்துத் தோட்டத்து வாலிபர் ஒருவர், சர்க்கார் இனாமாகக் கொடுக்கும் விண்ணப்பத் தாள் ஒன்றைக் கைப்பேசியில் தேடினார். முதலில் தோன்றிய வரியைத் தொட்டார். அது சர்க்கார் பக்கமன்று. தனியார் தரகு நிலையம் ஒன்றின் விளம்பரம். ஐம்பது வெள்ளியைக் கட்டிவிட்ட பிறகே அவர் நம்மிடம் வந்தார். "முதல் வரியாக இருந்ததே, கிராணி ஐயா!" என்றார். முதல் வரியே நம்பத்தக்க வரி என்று அவர் எண்ணியது பேதைமையன்று. கால் நூற்றாண்டாகத் தேடுபொறிகளே உலகத்தாருக்குக் கற்பித்து வந்த பாடம் அது. அப்பாடம் வளர்ந்த விதத்தை, போட்டிக் கம்பெனிகளின் முகப்புகளை ஒப்பிட்டு ஆராய்வோம்.

1994 இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக மாணவர்களாயிருந்த ஜெர்ரி யாங், டேவிட் ஃபைலோ ஆகிய இருவரும் தொடங்கிய யாஹூ, ஆதியில் தேடுபொறியன்று. மனிதர் பார்த்துப் பொருள்வாரியாக வகுத்த அட்டவணை. தோட்ட ஆபீஸில் கோப்புகளைப் பெயரிட்டு அலமாரியில் அடுக்குகிறோமே, அதைப் போன்றது. 1995 டிசம்பர் 15 இல் டிஜிட்டல் கம்பெனியார் வெளியிட்ட ஆல்டாவிஸ்டாவோ, பக்கங்களுக்குள் புதைந்து கிடக்கும் சொற்களையே தேடிக் கொடுத்தது. வழி வேறாயினும் நாளடைவில் இரண்டிற்கும் ஒரே ஆசை பிறந்தது. அஃதாவது, வந்தவரை வெளியே விடாமல் நிறுத்தி வைத்தல். ஆகவே முகப்பில் அஞ்சல் வந்தது. செய்தியும் வானிலையும் பங்கு விலையும் வந்தன. யாஹூவில் ராசிபலனுங்கூட வந்தது. விஞ்ஞானம் வளர்ந்த அமெரிக்காவிலும் அதற்கு ஆள் இருக்கத்தானே செய்கிறது! தேடவேண்டிய பெட்டியோ சந்தைக் கூட்டத்தில் தாயைப் பிரிந்த குழந்தை போலாயிற்று.

இந்நிலையில் 1998 இல் லாரி பேஜ், ஸர்ஜி பிரின் என்பவர்கள் கூகிள் கம்பெனியைத் தொடங்கினர். வெள்ளை வெளியில் ஒரு பெயர், ஒரு பெட்டி, இரண்டு பொத்தான், அவ்வளவே. மற்றவர் வாடிக்கைக்காரரை இருத்தி வைக்கப் பார்க்க, இவர்கள் வந்தவரை விரைவில் அனுப்பி வைப்பதையே பெருமையாகக் கொண்டனர். விளம்பரப் பணத்தில் வாழும் தேடுபொறி விளம்பரக்காரர் பக்கமே சாயும் என்று அதே ஆண்டில் தம் ஆராய்ச்சிக் கட்டுரையில் எழுதியவர்களும் இவர்களே. 2000 அக்டோபரில் இவர்களே விளம்பரக் கடையைத் திறந்தனர்.

நிற்க. 1998 இல் பில் கிராஸ் என்பவர் 'கோட்டூ' என்றொரு தேடுபொறியை நடத்தினார். அதில் மேலிடம் ஏலத்திற்கு விடப்பட்டது. அதிகப் பணம் கொடுத்தவர் முதல் வரியில் நிற்பார். இதை வெட்கக்கேடு என்று பலர் தூற்றினர். ஆனால் ஒரு சங்கதி கவனிக்கத்தக்கது. விளம்பரக்காரர் எத்தனை காசு கொடுத்தார் என்பதை அந்தந்த வரியின் அருகிலேயே அவர் அச்சிட்டுக் காட்டினார். அக்கடைக்காரர் மீது நமக்கு ஒருவித மதிப்பு உண்டு.

பணம் பெற்ற வரிகளைத் தெளிவாகப் பிரித்துக் காட்டவேண்டுமென்று 2002 ஜூனில் அமெரிக்க வர்த்தக ஆணையம் தேடுபொறிக் கம்பெனிகளுக்குக் கடிதம் எழுதிற்று. கூகிளில் விளம்பரத்திற்கு அக்காலத்தில் வண்ணப் பின்னணி இருந்தது; தொலைவிலிருந்தே தெரியும். 2013 இல் பின்னணி போய் ஒரு சிறு மஞ்சள் சீட்டு மட்டும் நின்றது. 2016 இல் அச்சீட்டு பச்சையாயிற்று. பக்க முகவரி வரியின் நிறமும் பச்சையே! 2020 ஜனவரியில் அது கறுப்பாகி, சாதாரண வரிகளின் அருகிலும் சிறு சின்னங்கள் முளைக்கவே, எது விளம்பரம் எது விடை என்று கண்ணை இடுக்கிப் பார்க்க வேண்டியதாயிற்று. ஆட்சேபம் கிளம்பியது, சின்னங்களின் இடத்தை மாற்றிப் பார்ப்பதாகக் கம்பெனியார் அறிவித்தனர். 2022 இல் கைப்பேசியில் 'விளம்பரம்' என்பதற்குப் பதிலாகப் பணம் கொடுத்து இடம் பெற்றது என்னும் பொருளுள்ள சொல்லைத் தடித்த எழுத்தில் இட்டனர். முந்தியதினும் இது தெளிவானதே, நியாயத்தை மறைக்கலாகாது.

2009 ஜூனில் மைக்ரோசாஃப்ட்டின் பிங், நாளுக்கொரு வண்ணப் படத்தை முகப்பில் விரித்தது. அதே ஆண்டில் அக்கம்பெனியும் யாஹூவும் உடன்படிக்கை செய்துகொண்டமையால், யாஹூவின் விடைகளும் பிங்கிலிருந்தே வரத் தொடங்கின. ஒரே அடுப்பில் சமைத்ததை வேறு இலையில் பரிமாறிய கதைதான். ஆல்டாவிஸ்டா 2013 ஜூலை 8 இல் மூடப்பட்டது.

இப்போட்டியில் தமிழ் நெடுநாள் புறத்தே நின்றது. 1991 இலேயே யூனிகோடில் நம் எழுத்துக்கு இடம் கிடைத்தும், பத்திரிகைகள் பல ஆண்டுகள் தத்தம் எழுத்துருவையே கட்டிக்கொண்டிருந்தன. நம் கண்ணுக்குத் 'தோட்டம்' என்று தெரிந்தது பொறிக்கு வெறும் குறிகளின் குவியல். தேடினால் எப்படி அகப்படும்? கொரியர் வேறு வழி கண்டனர். 1999 இல் தோன்றிய நேவர், கொரிய மொழிப் பக்கங்கள் குறைவாயிருந்ததைக் கண்டு, மக்கள் கேட்க மக்களே விடை எழுதும் பகுதியை 2002 இல் திறந்தது. அதன் முகப்பு திருவிழாக் கடை போல் நெரிசலானது; ஆயினும் கொரியர் அதையே நாடினர். வெறுமையே அழகென்பார் இதை எண்ணிப் பார்க்கவேண்டும்.

ஆனால் முகப்பைக் கண்டு தேர்ந்தெடுக்கிறவர் எத்தனை பேர்? 2024 ஆகஸ்டில் அமெரிக்க நீதிபதி அமித் மேத்தா, தேடல் வியாபாரத்தில் கூகிள் சட்ட விரோதமாக ஏகபோகத்தைக் காத்து வந்ததென்று தீர்ப்பளித்தார். கைப்பேசிகளிலும் உலாவிகளிலும் முதற்பொறியாக இருப்பதற்கு 2021 ஆம் ஆண்டில் மட்டும் 2,630 கோடி டாலர் செலுத்தப்பட்டது அவ்வழக்கில் வெளியாயிற்று. இதைப் படித்தபின், நம்மோடு பணிபுரியும் கிராணிமார் நால்வரை, எதனைக் கருதித் தத்தம் தேடுபொறியைத் தேர்ந்தீர்கள் என்று வினவினோம். மூவர், கைப்பேசி வாங்கியபோதே அதில் இருந்தது என்றனர். நான்காமவர், "வேறும் உண்டோ?" என்று நம்மையே கேட்டார்.