முன்னிருக்கையும் பின்னிருக்கையும்

கொழும்புக் கோட்டையிலிருந்து கண்டி நோக்கிப் புறப்படும் புகையிரதம் மருதானையைக் கடந்ததும் தெமட்டகொடையை அடைகின்றது. எஞ்சின்கள் தங்கும் கொட்டில்களும், பின்னிக் கிடக்கும் தண்டவாளங்களும், புகையிரதத் தொழிலாளர் குடியிருப்புகளும் அவ்வூரின் அடையாளங்கள். அங்கிருந்து பார்த்தால் மலை தெரிவதில்லை. ஆயினும் மலைநாட்டுக்குச் செல்லும் வழியின் வாயில்களுள் அதுவும் ஒன்றாகும்.

இத்தண்டவாளம் 1864ஆம் ஆண்டின் இறுதியில் அம்பேபுஸ்ஸை வரையும், 1867இல் கண்டி வரையும் சென்றது. அதற்கு முன்னர் மலையேற விரும்பியோர், தெமட்டகொடைக்கு வடக்கே கிராண்ட்பாஸில் களனி கங்கையைக் கடந்து, 72 மைல் நீளமான கண்டி வீதியாலேயே செல்ல வேண்டியிருந்தது. தோணிகளை வரிசையாக நிறுத்தி, அவற்றின்மேல் பலகை பரப்பிய பாலமே அங்கே நெடுங்காலம் இருந்தது. அதற்குப் பதிலாக விக்டோரியாப் பாலம் 1895இல் திறக்கப்பட்டது. துவிச்சக்கர வண்டி உலகெங்கும் பரவிக்கொண்டிருந்த காலமும் அதுவே.

இரு சக்கரங்களும் ஏறத்தாழ ஒரே அளவாக அமைந்த வண்டியை இங்கிலாந்தின் கொவென்றி நகரில் ஜோன் கெம்ப் ஸ்டார்லி 1885இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1888இல் டன்லப் காற்றடைத்த றப்பர் வளையத்தை உருவாக்கினார். இதனிடையே 1886இல், ஒருவர் பின் ஒருவராக இருவர் அமர்ந்து மிதிக்கும் வண்டியொன்றை டான் அல்போன், ஏ. ஜே. வில்சன் என்னும் இருவர் அமைத்தனர். இத்தகைய வண்டியை ஆங்கிலேயர் டாண்டம் என்றனர்.

இருவர் வண்டியின் இயல்பு தனித்தன்மை வாய்ந்தது. முன்னிருப்பவர் கைபிடியை ஆள்கிறார், வழியைப் பார்க்கிறார், எங்கே திரும்புவது, எங்கே நிறுத்துவது என்பதை அவரே தீர்மானிக்கிறார். பின்னிருப்பவருக்கு முன்னிருப்பவரின் முதுகே காட்சி. வரப்போகும் கல்லும் குழியும் அவர் கண்ணுக்குப் படுவதில்லை. ஆனால் மிதிப்பதில் அவருக்குச் சரிபாதிப் பங்கு உண்டு. மேட்டில் ஏறும்போது ஒருவர் சற்றுத் தளர்ந்தால் முழுப் பாரமும் மற்றவர் கால்களில் விழும். பள்ளத்தில் இறங்கும்போதோ, இருவரின் எடை சேர்ந்து இழுக்க, காற்றின் எதிர்ப்பு ஏறத்தாழ ஒருவருக்குரியதாகவே இருப்பதால், வண்டி தனிவண்டியை விட விரைந்து பாயும். நீண்ட இறக்கத்தில் பிறேக்கும் சூடேறும். ஆகவே மலைப்பாதையில் இருவர் வண்டியைச் செலுத்துவது வலிமையை விட நம்பிக்கையைச் சார்ந்த வித்தையாகும்.

இவ்வகைப் பயணத்தை எழுத்தில் பதித்த முன்னோடிகளுள் ஜோசப் பெனல், எலிசபெத் றொபின்ஸ் பெனல் என்னும் அமெரிக்கத் தம்பதியர் குறிப்பிடத்தக்கவர்கள். 1884இல் அவர்கள் இருவர் மிதிக்கும் மூன்று சக்கர வண்டியொன்றில் இலண்டனிலிருந்து கன்ரபரி சென்றனர். பின்னர் அத்தகைய வண்டியிலேயே இத்தாலியின் மலைப்பாங்கான வழிகளில் புளோரன்சிலிருந்து உரோமாபுரி சேர்ந்தனர். மனைவி எழுதினார், கணவர் படம் வரைந்தார். நூலில் இருவர் பெயரும் இடம்பெற்றன. இருவர் மிதித்த வண்டிக்கு இருவரும் உரிமை பெற்றனர்.

இலங்கைக்கும் வண்டியோட்டும் தம்பதியர் வந்தனர். மசச்சூசெற்சைச் சேர்ந்த பனி புல்லொக் வேர்க்மனும், அவர் கணவரான வைத்தியர் வில்லியம் ஹண்டர் வேர்க்மனும் 1897 நவம்பரில் ஆசியப் பயணத்தைத் தொடங்கினர். அப்போது அம்மையாருக்கு வயது 38, கணவருக்கு 50. அவர்கள் ஏறியது தனித்தனி வண்டிகளில். இரண்டரை ஆண்டுகளில் இந்தியாவிலும் இலங்கை, பர்மா, ஜாவா முதலிய நாடுகளிலுமாக அவர்கள் கடந்த தூரம் ஏறத்தாழ 14,000 மைல். தேயிலை, சீனி, பிஸ்கற், தகரத்திலடைத்த இறைச்சி, ஆளுக்கொரு கம்பளி, மருந்து, பழுதுபார்க்கும் கருவிகள் ஆகியவையே அவர்களின் மூட்டை. முள்ளும் கல்லும் நிறைந்த வழிகளில் ஒரே நாளில் நாற்பது முறை வரை சக்கரம் காற்றிழந்ததும் உண்டு. எலிகள் ஓடும் அறைகளில் உறங்கினர். நுளம்புக் கடியிலும் நீரின்றியும் வருந்தினர். இப்பயணத்தின் வரலாறு 1904இல் நூலாக வெளிவந்தது.

அம்மையாரின் துணிவு ஐயத்துக்கு அப்பாற்பட்டது. வண்டி செல்லாத உயரங்களுக்கு அவர் நடந்தே ஏறினார். 1906இல் இமயத்தில் 22,735 அடி உயரமான பினக்கிள் சிகரத்தை அடைந்து, பெண்களுள் அதுவரை எவரும் எட்டாத உயரத்தை எட்டினார். அந்தச் சாதனை 1934 வரை நிலைத்தது. 1912இல் சியாச்சின் பனிப்பரப்பில், பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்னும் வாசகம் தெரியும்படி பத்திரிகையொன்றை விரித்துப் பிடித்துப் புகைப்படம் எடுப்பித்துக்கொண்டார். எனினும் தம் மூட்டைகளைச் சுமந்து உடன் ஏறிய கூலியாட்களைப் பற்றி இத்தம்பதியர் எழுதியவற்றில் பரிவை விடச் சலிப்பும் கடிந்துரையுமே மிகுதி. தம் உரிமைக்குக் குரல் கொடுத்தவரின் கண்ணுக்குப் பின்னால் வந்த மனிதர் சரியாகத் தெரியவில்லை.

மலைநாட்டில் சக்கரம் உருள வேண்டுமானால் முதலில் வீதி வேண்டும். 1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமாகியபோது அங்கே ஒற்றையடிப் பாதைகளே இருந்தன. 1817, 1818ஆம் ஆண்டுகளின் கிளர்ச்சிக்குப் பின், படைகள் விரைந்து செல்ல வழி வேண்டுமெனக் கருதிய எட்வேட் பாண்ஸ் 1820இல் கண்டி வீதியைத் தொடங்கினார். பின்னர் அவர் தேசாதிபதியாகவும் இருந்தார். கப்டன் டோசன் கடுகண்ணாவைக் கணவாயில் பாறையைக் குடைந்து வழி சமைத்தார். மலையைத் துளைப்பவரே கண்டியை ஆள்வர் என்று மக்களிடையே வழங்கிய பழங்கதை அதனால் நிறைவேறியது என்பர். பதினாறு வயதில் இவ்வீதி வேலையில் இறங்கிய தோமஸ் ஸ்கின்னர் 1867இல் ஓய்வு பெற்றபோது, தீவில் ஏறத்தாழ 3,000 மைல் வீதிகள் இருந்தன. 1829இல் இறந்த டோசனுக்கு 1832இல் கடுகண்ணாவையில் எழுப்பிய கோபுரம் இன்றும் நிற்கின்றது. அதே 1832இல் கொழும்புக்கும் கண்டிக்குமிடையே தபால் வண்டி ஓடத் தொடங்கியது.

இவர்கள் முன்னிருக்கையில் இருந்தோர். பின்னிருந்து மிதித்தோர் யார்? முதலில் இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியத்தால் திரட்டப்பட்ட சிங்களக் குடியானவர்கள். 1830களின் தொடக்கத்தில் அவ்வூழியம் ஒழிக்கப்பட்ட பின்னர், வீதி வேலைக்குத் தென்னிந்தியத் தமிழரும் அமர்த்தப்பட்டனர். 1848இல் ஆண்மக்கள் ஆண்டுக்கு ஆறு நாள் வீதியில் உழைக்க வேண்டும், அன்றேல் அதற்கீடாகப் பணம் செலுத்த வேண்டும் என்னும் சட்டம் வந்தது. அவ்வாண்டு மாத்தளையில் மூண்ட கிளர்ச்சிக்கு அதுவும் ஒரு காரணம்.

கோப்பித் தோட்டங்கள் பெருகியபோது தமிழகத்திலிருந்து தொழிலாளர் திரள்திரளாக வந்தனர். மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காடுகளினூடே மாத்தளை வரை ஏறத்தாழ 150 மைல் அவர்கள் நடந்தனர். வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் பசிக்கும் தாகத்துக்கும் பலியாகி வழியோரத்திலேயே வீழ்ந்தோர் பலர். எஞ்சியோர் காடழித்தனர், கோப்பி நட்டனர், கோப்பி அழிந்தபின் தேயிலை நட்டனர். மாட்டுவண்டிகள் தோட்டம்வரை ஏறிச் செல்ல மலைச்சரிவில் வளைவு வளைவாக மண்பாதைகளை வெட்டினர். இன்று மலைநாட்டின் உட்புறங்களில் வண்டியோட்டி மகிழ்வோர் செல்லும் பாதைகள் பல அவ்வாறு வந்தவை. அப்பாதைகளில் கோபுரமில்லை, பெயர்ப்பலகையும் இல்லை.

பெயர் எழுதப்படாதது மட்டும் அவர்களுக்கு நேர்ந்த இழப்பன்று. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் அவர்களின் சந்ததியாருள் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பகிர்ந்தது. இந்தியாவுக்குச் சென்றோரை ஏற்றிக்கொண்டு தலைமன்னார் நோக்கி ஓடிய புகையிரதத்தை மலையக மக்கள் ஒப்பாரிக் கோச்சி என்றனர். பாட்டன்மார் நடந்து வந்த திக்கிலேயே பேரர்கள் திரும்பிச் சென்றனர். எஞ்சியோரின் நாடற்ற நிலையைத் தீர்க்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறியது.

டோசனும் ஸ்கின்னரும் திறமைசாலிகளே. வேர்க்மன் அம்மையாரும் வீரரே. அவர்களுக்குரிய புகழைக் குறைக்க வேண்டியதில்லை. ஆனால் இருவர் வண்டியொன்று மலையேறியதைச் சொல்பவர் முன்னிருந்தவரை மட்டும் கூறி நிறுத்தினால், அவர் பாதி வரலாற்றையே கூறியவராவார். தெமட்டகொடையைக் கடந்து கிழக்கே விரையும் புகையிரதத்தின் சாளரத்தில் சில மணி நேரத்தில் மலைகள் தோன்றும். அச்சரிவுகளில் கோடிட்டாற்போல் தெரியும் ஒவ்வொரு பாதையும் யாரோ சிலர் கையால் வெட்டியது. பின்னிருக்கையில் இருந்த அவர்களையும் எண்ணிப் பார்க்கும்போதே அவ்வீதிகளின் வரலாறு முழுமை பெறும்.