பூமாவைக் காக்கும் நம்பர் பிளேட்

மோட்டார் வண்டிக்கு நம்பர் பிளேட் எதற்கு என்று கேட்டால், வண்டி யாருடையது என்று கண்டுபிடிக்கத்தான் என்போம். அந்தத் தகட்டைக் கொண்டே ஒரு விலங்கினத்தைக் காக்கப் பணம் திரட்டிய மாநிலம், அமெரிக்காவிலுள்ள புளோரிடா.

இவ்வரலாறு காட்டில் தொடங்கவில்லை, விண்வெளியில் தொடங்குகிறது. 1986 ஜனவரி 28ஆம் நாள் சேலஞ்சர் விண்கலம் புளோரிடாவிலிருந்து கிளம்பிய 73ஆம் விநாடியில் சிதறிப்போயிற்று. ஏழு பேர் மாண்டனர். (ரப்பர் வளையம் குளிரில் மீள்தன்மை இழந்ததால் வந்த விபத்து. மீள்தன்மைப் பாடம் நடத்தும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.) அவர்கள் நினைவாக சேலஞ்சர் படம் பொறித்த தனித் தகடு ஒன்றை 1987இல் மாநில அரசு வெளியிட்டது. வழக்கமான கட்டணத்துக்கு மேல் கொஞ்சம் கூடுதலாகக் கட்டினால் வண்டியில் மாட்டிக்கொள்ளலாம். கென்னடி விண்வெளி மையத்தில் 1991இல் திறந்துவைக்கப்பட்ட நினைவுச் சின்னத்துக்கு அந்தப் பணம் உதவிற்று.

இந்த வழியைப் பின்பற்றி அடுத்து வந்த தகடுகளுள் ஒன்று 'பாந்தர்' தகடு. பாந்தர் என்றதும் நம் ஊர்ச் சிறுத்தையை எண்ணிக்கொள்ள வேண்டாம். இது பூமா வகை. வளர்ந்த விலங்குக்குப் புள்ளி கிடையாது, பழுப்பு நிறம். இதை வேட்டையாடுவதை 1958இல் புளோரிடா தடை செய்தது. அழியும் நிலையிலுள்ள இனம் என்று 1967இல் மத்திய அரசு அறிவித்தது. 1982இல் பள்ளி மாணவர்கள் வாக்களித்து இதையே மாநில விலங்காகத் தேர்ந்தெடுத்தார்கள். பெருமை கிடைத்துவிட்டது. பணம்?

அங்கேதான் சிக்கல். அமெரிக்காவில் வனவிலங்குப் பாதுகாப்புக்கான பணத்தில் பெரும்பகுதி வேட்டைக்காரர்களிடமிருந்தே வந்துகொண்டிருந்தது. 1934 முதல் வாத்து சுடுபவர்கள் தனி ஸ்டாம்பு வாங்க வேண்டும்; தொடக்கத்தில் அதன் விலை ஒரு டாலராக இருந்தது. அந்தப் பணத்தில் நீர்நிலங்கள் வாங்கப்பட்டன. 1937இல் துப்பாக்கி, தோட்டா மீதான வரியும் இதற்கென ஒதுக்கப்பட்டது. சுடுபவனே காப்பாற்றவும் பணம் தருவது விசித்திரமான ஏற்பாடுதான். ஆனாலும் வாத்துகளுக்கு அது நன்றாகவே உதவியது. சுடவே கூடாத விலங்குக்கு யார் பணம் கொடுப்பார்கள்?

கார் வைத்திருப்பவர்கள் கொடுத்தார்கள். 1990 வாக்கில் விற்பனைக்கு வந்த அந்தத் தகட்டுக்கு ஆண்டுதோறும் 25 டாலர் கூடுதல் கட்டணம். பூமா ஆராய்ச்சிக்கும் பராமரிப்புக்கும் மாநிலம் செலவிடும் பணத்தில் முதன்மையான பங்கு இதிலிருந்துதான் வருகிறது.

அந்த ஆராய்ச்சியாளர்கள் கண்டது கவலைக்குரிய நிலை. எஞ்சியிருந்தவை இருபது முப்பதுதான். நெருங்கிய உறவுக்குள்ளேயே இனம் பெருகியதால் சிலவற்றுக்கு வால் நுனி வளைந்திருந்தது, சிலவற்றுக்கு இதயக் கோளாறு, ஆண்களுக்கு இனப்பெருக்கக் குறைபாடு. 1995இல் டெக்சாஸிலிருந்து எட்டுப் பெண் பூமாக்களைக் கொண்டுவந்து விட்டார்கள். அவற்றுள் ஐந்து குட்டி ஈன்றன. புது இரத்தம் கலந்ததும் குறைகள் குறைந்தன. வளர்ந்த பூமாக்கள் 120 முதல் 230 வரை இருக்கலாம் என்று 2017இல் மதிப்பிட்டார்கள்.

தகடுகளின் எண்ணிக்கையும் பெருகிவிட்டது. பல்கலைக்கழகம், விளையாட்டுக் குழு என்று இன்று நூற்றுக்கு மேற்பட்ட வகைகள் இருப்பதால், வாங்குபவரின் 25 டாலருக்குப் பூமாவும் போட்டியிட வேண்டியிருக்கிறது.

இதில் மனத்தை உறுத்தும் செய்தி ஒன்று உண்டு. இறந்து கிடக்கும் பூமாக்களில் பெரும்பாலானவை வாகனம் மோதி மடிந்தவை. பூமாவின் கழுத்தில் கட்டிய வானொலி அலைபரப்பிகள், அவை சாலையை எங்கெங்கே கடக்கின்றன என்று காட்டிக்கொடுத்தன. தெற்குப் புளோரிடாவைக் குறுக்கே கடக்கும் 75ஆம் எண் நெடுஞ்சாலையை விரிவாக்கியபோது, இருபுறமும் உயர்ந்த வேலி போட்டு, விலங்குகள் அடியில் புகுந்து போக 24 வழிகள் கட்டினார்கள். அந்தப் பகுதியில் பூமா அடிபடுவது மிகவும் குறைந்தது. வேலியும் வழியும் இல்லாத பிற சாலைகளில் இன்னும் அடிபடுகின்றன.