அந்நியர் ஈந்த மச்சை

1945ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 6ஆந் திகதி இரோசிமா நகரின்மீதும், மூன்று நாட்களின் பின் நாகசாக்கியின்மீதும் அமெரிக்கா வீசிய அணுகுண்டுகளின் கதை உலகறிந்தது. நெருப்பிலும் இடிபாட்டிலும் மாண்டோருக்காக ஆண்டுதோறும் அஞ்சலி செலுத்துகின்றோம். ஆயின் அன்று மாளாது தப்பியோருட் பலர் பின்னர் எவ்வாறு மாண்டனர் என்பதை நம்மிற் பெரும்பாலோர் அறியார். உடலிற் பெருங்காயமெதுவுமின்றி வீடு திரும்பியவர்கள், சில வாரங்கள் கழிந்ததும் தலைமயிர் உதிர, முரசிலிருந்து குருதி கசிய, தோலின் கீழ் ஊதாப் புள்ளிகள் தோன்ற, சிறு கிருமித் தொற்றையும் தாங்கமாட்டாது இறந்தனர். அவர்களுடைய என்புகளினுள்ளே மச்சை அழிந்துபோயிருந்தது.

என்பு மச்சை என்பது எலும்பை நிரப்பும் வெறுங் கொழுப்பன்று. நமது குருதி முழுவதற்கும் அதுவே தொழிற்சாலை. நாளொன்றுக்கு ஏறக்குறைய 20,000 கோடி செங்கலங்கள் அங்கே ஆக்கப்படுகின்றன. ஒரு செங்கலத்தின் ஆயுள் 120 நாட்கள். குருதியை உறையச் செய்யும் சிறுதட்டுக்களுக்கோ பத்து நாட்கள்தாம். தொழிற்சாலை நின்றால் மனிதன் எத்தனை நாள் வாழ்வான் என்பதைக் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

இத்தனை வகைக் கலங்களையும் ஈனும் தாய்க்கலம் ஒன்று இருத்தல் வேண்டும் என்று 1909ஆம் ஆண்டிலேயே ருசிய விஞ்ஞானி அலெக்சாந்தர் மக்சிமொவ் கூறினார். செங்கலம், வெண்கலம், சிறுதட்டு யாவும் ஒரே மூலத்திலிருந்து கிளைப்பன என்பது அவர் கொள்கை. நாம் இன்று மூலக்கலம் என்று வழங்குவது இதனையே. ஆனால் அக்கலத்தை நுணுக்குக்காட்டியின் கீழ்க் காட்டி நிரூபிக்க எவராலும் இயலவில்லை. பார்வைக்கு அது ஏனைய கலங்களிலிருந்து அதிகம் வேறுபடுவதன்று. அரைநூற்றாண்டு காலம் அது ஊகமாகவே கிடந்தது.

பின்பு யுத்தம் வந்தது. சிக்காகோவில் அணுகுண்டுத் திட்டத்தின் ஊழியர்களது உடல்நலத்தைக் கண்காணித்த வைத்தியர் லியோன் ஜேக்கப்சன், 1949இல் ஒரு விசித்திரமான உண்மையைக் கண்டார். கொல்லும் அளவு கதிர்வீச்சுக்கு ஆளாக்கப்படும் சுண்டெலியின் மண்ணீரலை மட்டும் ஈயத்தால் மறைத்துவிட்டால், அந்த எலி பிழைத்துக்கொள்ளுகின்றது! (சுண்டெலிக்கு மண்ணீரலிலும் குருதி ஆக்கப்படுகின்றது.) 1951இல் எகன் லொறன்சும் அவர் கூட்டாளிகளும் கதிரேற்ற எலிக்கு வேறோர் எலியின் மச்சையை ஊசிமூலம் செலுத்தியும் அதே பலனைப் பெற்றனர். எலியைக் காத்தது மச்சையிலுள்ள ஏதோவொரு சுரப்பா, அன்றி உயிருள்ள கலங்களேயா என்று சில ஆண்டுகள் வாதம் நடந்தது. 1956இல் இங்கிலாந்தின் ஆர்வெல் ஆய்வுகூடத்தினர் நிறமூர்த்த அடையாளங்கொண்டு அதைத் தீர்த்துவைத்தனர்: பிழைத்த எலியின் மச்சையிற் பெருகியிருந்தவை ஈந்த எலியின் கலங்களே.

யுத்தம் ஈன்ற நன்மைகளுள் இது ஒன்று என்று கூறுவார் உளர். நாம் அதனை ஒப்பமாட்டோம். கொள்கை யுத்தத்திற்கு முற்பட்டது. யுத்தம் தந்தது பணமும் பிணமும். அடுத்த அணுகுண்டு வெடித்தால் தம் படையினரை எவ்வாறு காப்பது என்ற கவலையிலே அரசாங்கங்கள் கதிர்வீச்சு ஆராய்ச்சிக்குப் பொருளை வாரி இறைத்தன. அதே பொருள் இரத்தப் புற்றுநோயால் வாடும் பிள்ளைகளின் பெயரால் கேட்கப்பட்டிருப்பின் கிடைத்திருக்குமா என்பது ஐயமே. அன்றியும், எலியிலிருந்து மனிதனுக்கு இவ்வறிவு வந்துசேர்ந்த வழியில் யுத்தத்தின் தருக்கத்துக்கு நேர்மாறான ஒன்று தேவைப்பட்டது. அதனையே விரிவாகக் கூற விரும்புகின்றோம்.

1957ஆம் ஆண்டு அமெரிக்க வைத்தியர் டொனால் தோமஸ், கதிர்வீச்சுப் பெற்ற ஆறு நோயாளருக்குப் பிறருடைய மச்சையை நாளத்தின் வழியே செலுத்திய செய்தியை வெளியிட்டார். இடுப்பென்பிலிருந்து மச்சையை உறிஞ்சி எடுத்து, வடித்து, கையிலுள்ள ஒரு நாளத்திற் செலுத்தினாற் போதும்; கலங்கள் குருதியோடு ஓடித் தாமே என்பைத் தேடிச் சென்று குடியேறிவிடுகின்றன. வழிகாட்டுவார் எவருமில்லை. இயற்கையின் இவ்வொழுங்கு இன்றும் நம்மை வியக்க வைப்பது. ஆனால் அறுவரும் நூறு நாட்களுக்குள் இறந்தனர். இருவருக்கு மட்டுமே மச்சை சிறிது காலமாவது பற்றியது.

மறு ஆண்டு, 1958 ஒக்டோபர் 15ஆந் திகதி, யூகோசிலாவியத் தலைநகர் பெல்கிரேட்டுக்கு அணித்தாயுள்ள வின்சா அணு ஆராய்ச்சி நிலையத்தில் உலை கட்டுமீறிற்று. அளவுகருவிகள் அதனைக் காட்டவில்லை. காற்றிலே ஓசோன் வாடை வீசிய பின்னரே ஆபத்து உணரப்பட்டது. அதற்குள் அறுவர் கடுங் கதிர்வீச்சுக்கு ஆளாயினர். பெரும்பாலோர் இளைஞர். மறுநாளே அவர்களைப் பாரிசு நகரத்துக் கியூரி வைத்தியசாலைக்கு விமானத்தில் அனுப்பினர். சில வாரங்களுள் இரோசிமாவின் அறிகுறிகள் அனைத்தும் அவர்களிடம் தோன்றலாயின. வைத்தியர் ஜோர்ஜ் மத்தே துணிந்து ஒரு முடிவுக்கு வந்தார்: ஐவருக்கு மச்சை மாற்றுவது.

யாருடைய மச்சை? உற்றார் உறவினருடையதன்று. பெயரையும் முன்பின் அறியாத, மொழியும் தெரியாத பிரெஞ்சு மக்கள் சிலர் முன்வந்தனர். அவருள் ஒருத்தி நான்கு பிள்ளைகளின் தாய். இன்னொருவர் மத்தேயின் உதவியாளரான வைத்தியர் லெயோன் சுவார்சன்பேர்க். தம் சகோதரர் இருவரை நாசிகளின் மௌத்தவுசன் வதைமுகாமிற் பறிகொடுத்தவர். மச்சை எடுத்தபின் ஈந்தவருக்கு யாது நேரும் என்று உறுதி கூறத்தக்க அனுபவம் அந்நாளில் எந்த வைத்தியரிடமும் இருக்கவில்லை. உலகம் இரு முகாம்களாகப் பிளந்து நின்ற காலம் அது. எந்த அரசும் கட்டளையிடாமல், எவரும் கூலி கொடாமல், பாரிசு நகரத்து மனிதர் சிலர் தம் என்பைத் துளைக்க இடங்கொடுத்தனர், பெல்கிரேட் மாணவர் வாழும்பொருட்டு.

மச்சை பெற்ற ஐவரில், மிகுதியான கதிர்வீச்சுக்கு ஆளாகிய ஒருவர் இறந்தார். நால்வர் பிழைத்தனர். பிழைத்தவருள் ஒருத்தி பின்னாளில் ஒரு குழந்தைக்குத் தாயுமானாள். அந்நியரின் மச்சைதான் அவர்களைக் காத்ததா, அன்றி அது தாங்கிநின்ற சில வாரங்களில் அவர்தம் சொந்த மச்சையே மீண்டெழுந்ததா என்பது பற்றி விஞ்ஞானிகளிடையே கருத்துவேறுபாடு உண்டு. அதனால் அச்செயலின் பெருமை குன்றுவதாக நாம் கருதவில்லை. இரத்த உறவில்லாத ஒருவர் இன்னொருவருக்கு மச்சை வழங்கிய கதை அங்கேதான் தொடங்குகின்றது.

தொடங்கியதேயன்றிச் செழிக்கவில்லை. அடுத்த பத்தாண்டுகளில் உலகெங்கும் நடந்த இருநூறு வரையான மாற்றங்களில் ஏறக்குறைய எல்லாருமே இறந்தனர். புதிய உடல் மச்சையை ஏற்க மறுத்தது. ஏற்றாலோ, மச்சையினின்று பிறந்த வெண்கலங்கள் குடிபுகுந்த உடலையே பகையெனத் தாக்கித் தோலையும் குடலையும் ஈரலையும் அழித்தன. பலர் இம்முயற்சியைக் கைவிட்டனர். தோமஸ் கைவிடவில்லை, நாய்களில் ஆண்டுக்கணக்காகச் சோதித்துக்கொண்டிருந்தார். 1990இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

வழி திறந்தது இரண்டு திக்கிலிருந்து. பாரிசில் ஜோன் தோசே 1958இல், வெண்கலங்களின் மேற்பரப்பிலே ஆளுக்காள் வேறுபடும் அடையாளப் புரதமொன்றைக் கண்டறிந்தார். அத்தகையவை பல என்பது பின்னர் தெரிந்தது. அவற்றிற் பாதி தந்தைவழி, பாதி தாய்வழி. ஆகவே உடன்பிறந்தார் ஒருவர் முற்றும் பொருந்துதற்கு நாலில் ஒரு வாய்ப்புண்டு. மறுபுறம், ரொறன்ரோ நகரில் பௌதிகர் ஜேம்ஸ் ரில்லும் வைத்தியர் ஏர்னெஸ்ட் மக்கலொக்கும் 1961இல், மச்சை பெற்ற எலிகளின் மண்ணீரலில் சிறு முடிச்சுக்கள் தோன்றுவதைக் கவனித்தனர். செலுத்திய கலங்கள் கூட, முடிச்சுக்களும் அதே விகிதத்திற் கூடின. ஒவ்வொரு முடிச்சும் ஒரேயொரு கலத்தின் சந்ததி என்பது 1963இல் நிலைநாட்டப்பட்டது. மக்சிமொவின் ஊகம் மெய்யாயிற்று.

1968இல் அமெரிக்காவின் மினசோட்டாவில், நோயெதிர்க்கும் ஆற்றலின்றிப் பிறந்த ஒரு குழந்தை தன் தமக்கையின் மச்சையாற் பிழைத்தது. ஆயின் பொருந்தும் உடன்பிறந்தார் இல்லாதவர் என் செய்வர்? 1973இல் நியூயோர்க் வைத்தியர்கள் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனுக்காகத் தேடிப் பொருந்தும் ஒருவரைக் கண்டது அத்திலாந்திக் சமுத்திரத்துக்கு அப்பால், கோப்பன்கேகன் நகரத்து இரத்த வங்கியின் ஏட்டில். அடுத்த ஆண்டு இலண்டனில் சேர்லி நோலன் என்னும் தாய், தன் மகன் அன்ரனிக்காக ஒரு பதிவேட்டைத் தொடங்கினாள். உறவினரல்லாதார் முன்கூட்டியே தம் அடையாளங்களைப் பதிந்துவைக்கும் முதற் பதிவேடு அது. 1979இல், பொருந்துவார் எவரும் அகப்படாமலே அன்ரனி ஏழு வயதில் இறந்தான். தாய் ஏட்டை மூடிவிடவில்லை. இன்று உலகப் பதிவேடுகள் யாவற்றிலும் நான்கு கோடிக்கு மேற்பட்டோர் பதிந்துள்ளனர்.

இதற்குப் பின் வந்த முன்னேற்றங்கள் பல. எல்லாவற்றையும் ஈண்டு விரித்தல் வேண்டா. 1988இல் பாரிசில் எலியான் குளூக்மன், பிறந்த குழந்தையின் தொப்புட்கொடிக் குருதியைக்கொண்டு அதன் தமையனைக் குணப்படுத்தினார். அதுவரை நஞ்சுக்கொடியோடு புதைத்தும் எரித்தும் வந்த பொருள் அது. பின்னர் பேர்லினில், இரத்தப் புற்றுக்காக மச்சை மாற்றப்பட்ட திமொதி பிறவுன் என்பவர் எச்.ஐ.வி. தொற்றினின்றும் முற்றாக விடுபட்டார். அக்கிருமி நுழையமாட்டாத கலங்களை இயல்பிலே உடைய ஒருவரை வைத்தியர் வேண்டுமென்றே தேடித் தெரிந்திருந்தனர். ஒன்று மட்டும் எச்சரித்தல் தகும். மூலக்கலம் என்ற பெயரைச் சொல்லி முழங்கால் நோவு முதல் முதுமை வரை யாவற்றையும் போக்குவோம் எனக் கடை விரித்திருப்போரும், பிள்ளையின் கொடிக்குருதியைப் பிள்ளைக்கே சேமித்துவைக்கும்படி பெற்றோரிடம் பணம் பறிப்போரும் இன்று உளர். பரம்பரை நோயுள்ள பிள்ளையின் கொடிக்குருதியிலும் அதே குறையன்றோ இருக்கும்? அது பொது வங்கிக்குச் சென்றால் இன்னொரு பிள்ளைக்குப் பயன்படும்.

இங்கேதான் நமது நாளின் வழக்கு எழுகின்றது. மச்சை ஈகையா, சரக்கா? 1984இல் அமெரிக்கச் சட்டம் உறுப்பு விற்பனையைத் தடுத்தபோது என்பு மச்சையையும் அதிற் சேர்த்தது. 2011இல் அந்நாட்டு மேன்முறையீட்டு நீதிமன்றமொன்று, கையின் நாளத்திலிருந்து எடுக்கப்படும் மூலக்கலத்துக்கு அத்தடை பொருந்தாது என்று தீர்த்தது. பணங் கொடுத்தால் ஈவோர் பெருகுவர் என்பது வழக்குத் தொடுத்தோரின் வாதம். இவ்வாதத்துக்கு இரத்தத்தைப் பொறுத்து விடைபகர்ந்தவர் ஆங்கிலச் சமூகவியலறிஞர் றிச்சட் திற்மஸ். விற்பவன் தன் நோயை மறைப்பான், ஈபவனுக்கு மறைக்கக் காரணமில்லை. வாங்கும் அமைப்பைவிட ஈயும் அமைப்பே பாதுகாப்பானதும் செலவு குறைந்ததும் ஆகும் என்று 1970இல் அவர் பிரித்தானியாவையும் அமெரிக்காவையும் ஒப்பிட்டுக் காட்டினார். இதனோடு இன்னொன்றுஞ் சேர்ப்போம். விலை வந்தால் விற்பவன் ஏழை. வாங்குபவன் யார் என்று சொல்லவேண்டுவதில்லை.

சரக்காகிவிட்டால் விலை எங்கே போய் நிற்கும் என்பதற்குச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. 2023இல் பிரித்தானியாவும் அமெரிக்காவும் அங்கீகரித்த புதிய சிகிச்சையொன்று, நோயாளியின் சொந்த மூலக்கலத்தையே எடுத்து, அதன் பரம்பரையலகைத் திருத்தி மீளச் செலுத்துகின்றது. அரிவாட் கலச் சோகையும் தலசீமியாவும் இதனாற் கட்டுப்படுகின்றன. அமெரிக்காவில் அதன் விலை ஆளொருவருக்கு 22 இலட்சம் டொலர். குருநாகல் தலசீமியா நிலையத்தில் காலமெல்லாம் பிறர் குருதியை ஏற்றிக்கொண்டு வாழும் நம் பிள்ளைகளுக்கு இவ்விலையின் பொருள் யாது? அவர்களுட் பலருக்கு இன்னும் நீண்ட காலத்துக்கு, பொருந்தும் மச்சையே எட்டக்கூடிய நிரந்தரப் பரிகாரமாக இருக்கும்.

ஆனால் பதிவேடுகளும் உலகத்தின் ஏற்றத்தாழ்வையே காட்டுகின்றன. 2014இல் வெளிவந்த ஆய்வின்படி, ஐரோப்பிய வழிவந்த அமெரிக்க நோயாளிக்கு முற்றும் பொருந்துவார் கிடைக்கும் வாய்ப்பு 75 சதவீதம்; ஆபிரிக்க வழிவந்தவருக்கு 20 சதவீதமும் இல்லை. அடையாளங்கள் வமிசவழி வருவன. ஆதலால் பதியாத இனத்தவர்க்குப் பொருந்துவாரும் அரியராவர். தென்னாசிய மக்களின் தொகையோடு ஒப்பிட்டால் அவருட் பதிந்தவர் தொகை மிகச் சிறிது. 1961இல் ஹட்சன் சில்வா கண்தானச் சங்கத்தைத் தொடங்கியபோது, தன் கண்ணை அந்நியனுக்கு ஈவதா என்று தயங்கியோரும் இருந்திருப்பர். அதே இலங்கை பின்னர் கடல்கடந்த நாடுகளுக்கெல்லாம் விழிவெண்படலம் அனுப்பிற்று. கண்தானம் இறந்தபின் செய்வது. இது உயிரோடிருந்து செய்வது; ஈந்ததை உடல் சில வாரங்களில் மீள ஆக்கிக்கொள்வது.

பதிவதற்கு வேண்டியது கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் ஒருமுறை தடவி எடுப்பது மட்டுமே. பொருந்துவார் எனக் காணப்பட்டால், இக்காலத்திற் பெரும்பாலும் என்பைத் துளைப்பதில்லை. நான்கைந்து நாட்கள் ஊசி போட்டு மூலக்கலங்களைக் குருதிக்கு இறக்கி, ஒரு கையிலிருந்து எடுக்கும் குருதியை இயந்திரத்திற் பிரித்து மறுகை வழியே திருப்பிச் செலுத்துவர். அந்நாட்களில் காய்ச்சற்காரனைப்போல் என்பு உளையும். நாலைந்து மணிநேரத்தில் ஒரு சிறிய பை நிறைகின்றது. அதனைக் குளிர்ப்பெட்டியில் இட்டு, ஒருவர் கையிலேயே ஏந்தி, விமானமேறிக் கொண்டுசெல்வார். எக்ஸ் கதிர்ப் பெட்டியுள் அதனை அனுப்பலாகாது. எந்த ஊருக்கு, யாருக்கு என்பது ஈந்தவருக்கு அறிவிக்கப்படுவதில்லை. பெற்றவரின் குருதிவகை வேறாயின், சில மாதங்களில் அது ஈந்தவரின் வகையாகவே மாறிவிடும்.