அப்போஸ்டில் சான்று முறையின் வரலாறு

அப்போஸ்டில் என்பது ஒரு நாட்டில் வழங்கப்பட்ட பொது ஆவணத்தை வேறொரு நாட்டில் ஏற்கச் செய்யும் சான்று ஆகும். 1961 அக்டோபர் 5 அன்று நெதர்லாந்தின் ஹேக் நகரில் உருவான உடன்படிக்கை இதற்கு அடிப்படையாகும். ஓரக்குறிப்பு என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது.

முந்தைய நடைமுறை

ஒரு நாட்டின் அதிகாரியுடைய கையொப்பம் உண்மையானதா என்பதை வேறொரு நாட்டின் அலுவலகம் அறிய வழியில்லை. இதனால் சங்கிலித் தொடர் போன்ற சான்றொப்ப முறை உருவானது. சார்பதிவாளர் அல்லது நோட்டரியின் கையொப்பத்தை மாநில அரசின் அதிகாரி உறுதிசெய்வார். அவருடைய கையொப்பத்தை வெளியுறவு அமைச்சகம் உறுதிசெய்யும். அமைச்சகத்தின் முத்திரையை, ஆவணம் செல்லவேண்டிய நாட்டின் தூதரகம் உறுதிசெய்யும். ஒவ்வொரு அலுவலகமும் தனக்கு முந்தைய அலுவலகத்தின் மாதிரிக் கையொப்பத்தை மட்டுமே அறிந்திருந்தது. ஒரு பிறப்புச் சான்றிதழுக்காகப் பல அலுவலகங்களுக்கு அலைவதும், ஒவ்வொன்றிலும் கட்டணம் செலுத்திக் காத்திருப்பதும் வழக்கமாக இருந்தன.

சங்கிலியின் முதல் கண்ணியாகப் பெரும்பாலும் நோட்டரியே இருந்தார். இங்கிலாந்தில் நோட்டரிகளை நியமிக்கும் அதிகாரம் போப்பாண்டவரிடம் இருந்தது. 1533ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக அது காண்டர்பரி பேராயருக்கு மாறியது. இந்தியாவில் 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் நோட்டரிகளை நியமிக்க இடமளித்தது. எனினும் அவர்களுடைய பணி அச்சட்டத்தின் எல்லைக்குள்ளேயே இருந்தது. ஆவணங்களுக்குப் பொதுவாகச் சான்றளிக்கும் இன்றைய அமைப்பு 1952ஆம் ஆண்டின் நோட்டரிகள் சட்டத்தால் ஏற்பட்டது.

ஹேக் உடன்படிக்கை

தனியார் சர்வதேசச் சட்டத்துக்கான ஹேக் மாநாடு 1893ஆம் ஆண்டு டச்சுச் சட்ட அறிஞர் டோபியாஸ் ஆசரின் முயற்சியால் முதன்முறை கூடியது. இம்மாநாட்டின் வழியாக உருவான 1961ஆம் ஆண்டு உடன்படிக்கை, நீண்ட சங்கிலியின் கடைசிப் பகுதியை நீக்கி ஒரே சான்றைக் கொண்டுவந்தது. யூகோஸ்லாவியா, பிரிட்டன், பிரான்ஸ் ஆகிய மூன்று நாடுகள் ஏற்புறுதி அளித்தபின், 1965 ஜனவரி 24 அன்று இது நடைமுறைக்கு வந்தது.

சான்றின் வடிவத்தையும் உடன்படிக்கையே வகுத்தது. குறைந்தது 9 சென்டிமீட்டர் பக்க அளவுள்ள சதுரத்தில், எண்ணிட்ட 10 விவரங்கள் இடம்பெற வேண்டும். சான்று எந்த மொழியில் இருந்தாலும் தலைப்பு பிரெஞ்சு மொழியில் இருக்க வேண்டும். வழங்கிய ஒவ்வொரு சான்றையும் பதிவேட்டில் குறித்துவைக்க வேண்டும். சந்தேகம் எழுந்தால், சான்றின் எண்ணைக் கொண்டு பதிவேட்டில் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

சான்று உறுதிசெய்வது

அப்போஸ்டில் ஆவணத்தின் உள்ளடக்கத்துக்கு உத்தரவாதம் அளிப்பதில்லை. கையொப்பம் உண்மையானது, ஒப்பமிட்டவர் குறிப்பிட்ட பதவியில் இருந்தவர், முத்திரை உரிய அலுவலகத்தைச் சேர்ந்தது என்பவற்றையே அது உறுதிசெய்கிறது. பொய்யான தகவலைக் கொண்ட உறுதிமொழிப் பத்திரத்தில் நோட்டரியின் கையொப்பம் உண்மையாக இருந்தால், அக்கையொப்பத்துக்கு அப்போஸ்டில் கிடைத்துவிடக்கூடும். ஆவணத்தில் உள்ள செய்தி உண்மையாகிவிடாது. இவ்வேறுபாட்டை அறியாமல், முத்திரை பதித்த தாள் அனைத்தையும் முழுமையாக நம்பி ஏமாறுவோர் உண்டு.

இந்தியாவும் வளைகுடா நாடுகளும்

இந்தியா 2004 அக்டோபரில் உடன்படிக்கையில் சேர்ந்தது. 2005 ஜூலை 14 முதல் அது இந்தியாவுக்கு நடைமுறைக்கு வந்தது. புதிதாகச் சேரும் நாட்டை ஏற்க மறுக்கும் உரிமை ஏற்கனவே உள்ள உறுப்பு நாடுகளுக்கு உண்டு. ஜெர்மனி உள்ளிட்ட சில நாடுகள் இந்தியாவின் சேர்க்கைக்கு ஆட்சேபம் தெரிவித்தன. அத்தகைய ஆட்சேபம் நீடிக்கும்வரை, அந்த இரு நாடுகளுக்கிடையே உடன்படிக்கை செயல்படாது.

இந்தியாவில் வெளியுறவு அமைச்சகம் இச்சான்றை வழங்குகிறது. அதற்கு முன் பொதுவாக மாநில அரசின் உரிய துறை சான்றொப்பம் இட வேண்டும். எனவே வெளிநாட்டுத் தூதரகத்தின் படி நீங்கினாலும் உள்நாட்டுப் படிகள் தொடர்கின்றன. தொடக்கத்தில் இப்பணி புதுடெல்லியில் மட்டும் நடந்தது. 2019 முதல் சென்னை உள்ளிட்ட வேறு நகரங்களுக்கும் பரவலாக்கப்பட்டது.

தமிழகத் தொழிலாளர்களுக்கு இதன் பயன் செல்லும் நாட்டைப் பொறுத்தது. ஓமன் 2012இலும் பஹ்ரைன் 2013இலும் சவூதி அரேபியா 2022இலும் உடன்படிக்கைக்குள் வந்தன. சிங்கப்பூரில் இது 2021 செப்டம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. 2024ஆம் ஆண்டு நிலவரப்படி ஐக்கிய அரபு அமீரகம், கத்தார், குவைத் ஆகியவை இதில் சேரவில்லை. ஒரே செவிலியர் பட்டச் சான்றிதழ் ரியாத்துக்கு அப்போஸ்டிலுடன் செல்லும்; துபாய்க்குச் செல்லப் பழைய முறையில் தூதரகச் சான்றொப்பமும் பெற வேண்டும்.

2006ஆம் ஆண்டு ஹேக் மாநாடு மின்னணு அப்போஸ்டில் திட்டத்தைத் தொடங்கியது. இதன் வழியாகப் பல நாடுகள் தம் பதிவேடுகளை இணையத்தில் சரிபார்க்க வசதி செய்துள்ளன. தாள் திரைக்கு மாறினாலும், கையொப்பமிட்டவர் உரிய அதிகாரிதானா என்ற பழைய கேள்விக்கே அப்போஸ்டில் இன்றும் விடை அளிக்கிறது.