அடிக்கடி ஸ்டார்ட் செய்வதும் காரின் பேட்டரி, செல்ஃப் மோட்டார் ஆயுளும்

நின்றுகிடக்கும் எஞ்சினை முதலில் சுழற்றிவிடும் மின்மோட்டாருக்குத் தமிழ்நாட்டு ஒர்க்‌ஷாப்புகளில் செல்ஃப் மோட்டார் என்று பெயர். சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின் ஸ்டார்ட்டர் 1912-இல் கேடிலாக் கார்களில் வந்தபின், கைப்பிடி போட்டு எஞ்சினைச் சுற்றும் வேலை மெல்ல மறைந்தது. சென்னை பாடியிலுள்ள லூகாஸ் டிவிஎஸ் இவ்வகை மோட்டார்களை 1960-கள் முதல் தயாரித்துவருகிறது.

அடிக்கடி ஸ்டார்ட் செய்தால் பேட்டரி கெட்டுவிடும் என்பது பரவலான எண்ணம். கணக்குப் போட்டால் அது நிற்பதில்லை. சிறிய பெட்ரோல் கார் ஸ்டார்ட் ஆகும் ஒரு நொடியில் செல்ஃப் மோட்டார் இழுக்கும் மின்னோட்டம் சராசரியாக 150 ஆம்பியர் என்று கொள்வோம். செலவாவது ஏறக்குறைய 0.04 ஆம்பியர்-மணி, 35 ஆம்பியர்-மணி பேட்டரியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இரண்டு ஹெட்லைட்டுகள் கால் நிமிடம் எரிந்தாலே இவ்வளவு போய்விடும். நிறுத்தி வைத்த காரில் அலாரம், கடிகாரம், கணினிப் பெட்டிகள் சேர்ந்து 30 மில்லிஆம்பியர் எடுத்தால், ஒரு நாள் இழப்பு பதினேழு ஸ்டார்ட்டுக்குச் சமம்.

ஒரு ஸ்டார்ட்டின் இழப்பை ஓரிரு நிமிட ஓட்டத்திலேயே ஆல்டர்னேட்டர் ஈடுசெய்துவிடும். அந்த ஓட்டம் கிடைக்காமல் போவதே பேட்டரிக்குக் கேடு. தெருமுனைக் கடைவரை போய் அணைப்பது, ஏசியும் விளக்கும் போட்டபடி ஐடிலிங்கில் நிற்பது, மறுபடி ஸ்டார்ட் செய்வது என்று நாட்கள் போனால் பேட்டரி முழுச் சார்ஜை எட்டுவதே இல்லை. குறைச் சார்ஜில் கிடக்கும் ஈயத் தகடுகளில் லெட் சல்பேட் படிகங்கள் இறுகிப்போகின்றன. இறுகிய பகுதி மீண்டும் சார்ஜ் ஏற்பதில்லை. மெல்லிய தகடுகள் கொண்ட ஸ்டார்ட்டர் பேட்டரி கணநேரத்தில் பெரும் மின்னோட்டம் தருவதற்கென்றே செய்யப்பட்டது. ஆழமாக இறங்கிக் கிடப்பதை அது தாங்காது. வெயிலும் சேர்ந்தால் தகட்டுச் சட்டங்களின் அரிப்பும் நீரிழப்பும் வேகமெடுக்கும். முழுச் சார்ஜில், ஓய்வில், 12 வோல்ட் பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்ட வேண்டும்.

செல்ஃப் மோட்டாரின் கதை வேறு. அதற்கு ஒவ்வொரு ஸ்டார்ட்டும் கணக்கில் ஏறும். சாவியைத் திருப்பியதும் சொலினாய்டு பினியனைத் தள்ளி ஃபிளைவீல் ரிங்கின் பற்களோடு கோக்கிறது. கூடவே செம்பு முனைகளை இணைத்து மின்சாரம் விடுகிறது. அந்த முனைகளில் ஒவ்வொரு முறையும் சிறு தீப்பொறி எழுந்து செம்பை அரிக்கிறது. கார்பன் பிரஷ், கம்யூட்டேட்டர், பினியன் பற்கள் எல்லாமே தேய்கின்றன. என்றாலும் பல்லாயிரம் ஸ்டார்ட்டுகளைத் தாங்கும்படியே சாதாரண மோட்டாரை வடிவமைக்கிறார்கள். எண்ணிக்கையைவிட நீண்ட இழுப்பே அதற்கு எமன்: எஞ்சின் பிடிக்காதபோது விடாமல் அடித்தால் சுருள்கள் சூடேறிக் கருகலாம். பத்து நொடிக்கு மேல் அடிக்காமல், இடையில் சற்று ஆறவிடுவது நல்லது.

இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாத இடம் ஒன்றுண்டு. பேட்டரி தளர்ந்தால் செல்ஃப் மந்தமாகச் சுழலும். மெதுவாகச் சுழலும் மோட்டார் எதிர்மின்னழுத்தம் குறைந்து, சுழற்சிக்குப் பொருந்தாத அளவு மின்னோட்டத்தை நெடுநேரம் இழுத்துச் சூடேறும். வோல்டேஜ் இன்னும் விழுந்தால் சொலினாய்டு பிடித்துப் பிடித்து விட்டு ‘டக்டக்’ என்று அடிக்கும். அப்போது செம்பு முனைகள் பொறியில் உருகி ஒட்டிக்கொள்ளவும் கூடும். செல்ஃப் போய்விட்டது என்று வரும் கார்களில் முதலில் பார்க்க வேண்டியது பேட்டரியையும், பூத்துப்போன டெர்மினலையும்தான்.

சிக்னலில் தானே அணைந்து தானே ஸ்டார்ட் ஆகும் கார்களில் இந்தக் கவலை வடிவமைப்பிலேயே தீர்க்கப்பட்டிருக்கிறது. அவற்றில் ஏஜிஎம் அல்லது இஎஃப்பி வகைப் பேட்டரியும், பல மடங்கு ஸ்டார்ட்டுகளுக்கு வலுவேற்றிய செல்ஃப் மோட்டாரும் இருக்கும். மாருதி சுசூகியின் ஸ்மார்ட் ஹைப்ரிட் கார்களில் எஞ்சின் சூடான பிறகு அதை மீண்டும் எழுப்புவது பெல்ட் வழியே இணைந்த ஸ்டார்ட்டர் ஜெனரேட்டர். பற்கள் மோதும் தேய்மானம் அங்கே இல்லை. இத்தகைய காருக்கு விலை குறைவென்று சாதாரணப் பேட்டரி மாட்டினால் அது வெகுசீக்கிரம் தளர்ந்துவிடும்.