இரும்பில் எழுதிய பெயர்



பிறப்புப் பத்திரத்தில் ஒரு விதமாகவும் அடையாள அட்டையில் வேறு விதமாகவும் பெயர் எழுதப்பட்டவர்கள் நம் தோட்டங்களில் எத்தனை பேர்! கிராணியார் தம் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதி வைத்தார். பதிவு அலுவலகத்தில் இருந்தவர் தமக்குத் தெரிந்தபடி எழுதினார். முனியம்மா ஓரிடத்தில் முனியம்மாள் ஆனார், இன்னோரிடத்தில் முனியாமா ஆனார். ஆள் ஒருவர்தான். ஆனாலும் இரண்டு தாளும் ஒத்துப்போகாவிட்டால் அவர் படும் அலைச்சலை நான் சொல்ல வேண்டியதில்லை.

இதே தொல்லை மோட்டார் வண்டிகளுக்கும் உண்டு. வண்டியின் பெயர் தாளில் மட்டுமல்லாமல் இரும்பிலும் பொறிக்கப்பட்டிருக்கிறது. சட்டத்தில் ஓர் எண், என்ஜினில் ஓர் எண். இவை எப்படி வந்தன, ஒத்துப்போகாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு.

அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டின் தொழிற்சாலை 1908 முதல் 1927 வரை 'மாடல் டி' என்ற காடியை ஒன்றரைக் கோடிக்கு மேல் செய்து விற்றது. அதன் வரிசை எண் என்ஜின் கட்டையில் அடிக்கப்பட்டிருந்தது. அந்நாட்டின் பல மாநிலங்களில் வண்டியைப் பதிவு செய்ததும் என்ஜின் எண்ணை வைத்துத்தான். இதில் ஒரு சிக்கல் இருந்தது பாருங்கள். என்ஜின் தேயும் பொருள். அது பழுதாகி வேறொன்றை மாட்டினால், தாளின்படி அது வேறு வண்டி! எனவே புதுக் கட்டையில் பழைய எண்ணையே திரும்ப அடித்துவிடும் வழக்கமும் இருந்தது. அன்று அதில் கள்ளம் எதுவும் இல்லை.

கள்ளம் நுழைந்த கதை பிற்காலத்தது. 1964ஆம் ஆண்டில் போன்டியாக் நிறுவனம் நடுத்தர அளவுள்ள ஒரு காடியில் 389 கன அங்குல என்ஜினை வைத்து ஜி.டி.ஓ. என்று பெயரிட்டு விற்றது. நம் கணக்கில் அது ஏறக்குறைய 6.4 லிட்டர். 1985இல் வெளிவந்த நம் புரோட்டோன் சாகாவின் என்ஜின் 1.3 லிட்டர்தான் என்றால் வித்தியாசத்தை நினைத்துப் பாருங்கள். செவர்லே, பிளிமத், டாட்ஜ் என்று மற்றவர்களும் போட்டியில் இறங்கினார்கள். இவற்றுக்கு 'மசில் கார்' என்று பெயர் வந்தது. தசை முறுக்கிய காடி என்று சொல்லலாம். இளைஞர்கள் அவற்றை வாங்கிப் பந்தயம் விட்டார்கள், என்ஜினை வெடிக்க வைத்தார்கள், பழைய இரும்புக் கடையிலிருந்து வேறொன்றைக் கொண்டுவந்து மாட்டினார்கள். 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது இந்தப் பெருந்தீனிக் காடிகளை வைத்துக்கொள்ளவே பலர் தயங்கினார்கள். எந்த என்ஜின் எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று யார் பார்த்தார்கள்?

பிறகு அந்த இளைஞர்களுக்கு வயதாகி, கையில் காசும் சேர்ந்தது. இளமையில் ஓட்டிய வண்டி மீண்டும் வேண்டும் என்று தேடினார்கள். தொழிற்சாலையிலிருந்து புறப்பட்டபோது இருந்த அதே என்ஜின் இருந்தால் ஒரு விலை, இல்லாவிட்டால் அதைவிட வெகுவாகக் குறைந்த விலை என்று ஆயிற்று. 1960களின் கடைசியில் அமெரிக்க நிறுவனங்கள் வண்டி எண்ணின் ஒரு பகுதியை என்ஜினிலும் அடிக்கத் தொடங்கியிருந்ததால், பொருத்தம் பார்ப்பதும் எளிதாயிற்று. (கல்யாணத்துக்குக் கூட இவ்வளவு பொருத்தம் பார்க்கமாட்டார்கள் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.)

விலை ஏறிய இடத்தில் உளியும் சுத்தியலும் வந்தன. பழைய எண்ணை அராவித் தேய்த்துவிட்டு, வேண்டிய எண்ணை அடித்தார்கள். ஆனால் இரும்பு எளிதில் பொய் சொல்லாது. தொழிற்சாலையில் என்ஜின் கட்டையின் மேற்பரப்பைச் செதுக்கும்போது மெல்லிய கோடுகள் ஒரே திசையில் விழும். அராவினால் அவை அழிந்துபோகும். மேலும், கட்டையை வார்த்த நாளே வார்ப்பில் இருக்கும். செவர்லே கட்டைகளில் ஜனவரிக்கு ஏ, பிப்ரவரிக்கு பி என்று மாத எழுத்தும், பிறகு தேதியும், ஆண்டின் கடைசி இலக்கமும் இருக்கும். பிப்ரவரியில் முடிந்த காடியில் அதே ஆண்டு மார்ச்சில் வார்த்த கட்டை எப்படி வரும்? தாய் பிறக்குமுன் பிள்ளை பிறந்த கதைதான்.

1981ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவில் எல்லா நிறுவனங்களும் 17 இலக்கமும் எழுத்தும் கொண்ட ஒரே முறையைப் பின்பற்ற வேண்டும் என்று ஆயிற்று. ஒன்றோடும் சுழியத்தோடும் குழம்பும் ஐ, ஓ, கியூ ஆகிய எழுத்துகள் அதில் இடம்பெறா. ஒவ்வோர் இடத்துக்கும் பொருள் உண்டு. 1990இல் நமக்கு வந்த 12 இலக்க அடையாள அட்டை எண்ணைப் போலத்தான். அதில் முதல் ஆறும் பிறந்த நாள். அடுத்த இரண்டும் பிறந்த மாநிலம், பேராக்கில் பிறந்தவர்க்கு 08.

நம் ஈப்போவுக்கு வருவோம். இங்கே தட்டில் இருக்கும் 'ஏ' என்ற எழுத்து பேராக் என்று மட்டும் சொல்லும். தட்டைக் கழற்றி மாட்ட ஒரு திருப்புளி போதும். ஆகவேதான் கிரானில் சட்ட எண்ணும் என்ஜின் எண்ணும் எழுதப்பட்டிருக்கின்றன. 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் ஜே.பி.ஜே. இந்தப் பதிவை வைத்திருக்கிறது. என்ஜின் மாற்றுவது தவறல்ல. மாற்றியதை ஜே.பி.ஜே.யில் சொல்லி அனுமதி பெற்றுப் பதிவைத் திருத்தாமல் விடுவதுதான் தவறு. திருட்டு வண்டிக்கு, விபத்தில் நொறுங்கிய வண்டியின் சட்ட எண்ணை வெட்டி ஒட்டுவது வேறு, அது குற்றம். அப்படிப்பட்ட வண்டியைத் தெரியாமல் வாங்கினாலும், பிடிபட்டால் வண்டி போகும். அதை வாங்கப் போட்ட சேமநிதிப் பணமும் சேர்ந்து போகும்.

நம் பிள்ளைகள் வாங்குவது பெரும்பாலும் பழைய மோட்டார்தான். மலிவாகக் கிடைக்கிறதே என்று அந்தி மயங்கும் நேரத்தில் காசைக் கொடுத்துவிடுகிறார்கள். பகலில் போங்கள். போர்மன் ஒருவரைக் கூட அழைத்துச் செல்லுங்கள். எண் அடித்த இடத்தில் உள்ள எண்ணெய்க் கறையைத் துணியால் துடைத்து, மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேயுங்கள். இரும்பில் உள்ள எண் தாளில் அப்படியே எழும்பி வரும். எழுத்துகள் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா, சுற்றிலும் அராவிய பள்ளமோ புதுச் சாயமோ இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு அந்தத் தாளையும் கிரானையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வோர் இலக்கமாக, வாய்விட்டுப் படியுங்கள்.